லோ பிரஷர்காரி

கல்யாணமாகி வந்த ஒன்பதாம் வருஷம் எங்கள் தெருவில் எனக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. குடிதண்ணீர்க் குழாயில் வரிசை நிற்கும்போது, "அவள முன்னால விடுங்கட்டி. லோ பிரஷர்காரி, எங்கயாவது விழுந்து தொலைச்சிரப் போறா" என்பார்கள். பாதி இரக்கம், பாதி கேலி. நானும் குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போவேன். அந்தச் சலுகையைக் கிட்டத்தட்டப் பத்து வருஷம் அனுபவித்தேன். எனக்கு லோ பிரஷர் ஒருநாளும் இருந்ததில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. மினிபஸ் வரும், மழை பெய்தால் வராது. வீட்டுக்காரருக்கு நாலு ஏக்கர் கரிசல். உளுந்து, பருத்தி, இப்போது எல்லாரையும் போல மக்காச்சோளம். கல்யாணத்துக்கு முன்னால் நான் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்துக்கொண்டிருந்தவள். ஆபீஸ் என்றால் தொழிற்சாலைதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே என் கை வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்டு வந்தார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

மகள் பிறந்து ஒரு வருஷம் கழித்து ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. பொழுது சாய்ந்தால் உடம்பு கதகதவென்று இருக்கும், காலையில் விட்டுவிடும். இரண்டு மூன்று மாதம் இப்படியே இழுத்தது. கழுத்தின் இடது பக்கம் தொட்டால் வலிக்கும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். டி.பி.யோ என்று சளி எடுத்துப் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். பிறகு ஒருநாள் காய்ச்சல் தானாகவே நின்றுவிட்டது. போய்விட்டது என்று சந்தோஷப்பட்டோம். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு இடது கை என் பேச்சைக் கேட்கவில்லை. கீழே தொங்கவிட்டிருந்தால் ஒன்றுமில்லை. தூக்கி வேலை செய்தால் போதும், ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி ஆகிவிடும். கொடியில் நாலு துணி காயப்போட்டால் ஐந்தாவது துணிக்குக் கை ஏறாது. மகளுக்கு இரட்டைச் சடை பின்னும்போது முதல் சடை முடிந்ததும் கையை இறக்கி உதறிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவள் அழுவாள். அவளுடைய ஏழாவது வயசில் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேன்.

மாமியார் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

"பெத்த பிள்ளைக்குத் தலை சீவ ஏலாத கை என்ன கையிட்டி?"

பருத்தி எடுக்கப் போனாலும் இதே கதைதான். வீட்டுக்காரர் வரப்பில் நின்று பார்ப்பார். "எல்லாவளும் ரெண்டு நெரை முடிச்சிட்டாளுவ. நீ இங்கன நின்னு கைய உதறிக்கிட்டு நிக்க." அதில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. சொந்த வயலில் சொந்தப் பெண்டாட்டி சோம்பேறியாக நிற்கிறாள் என்று கூலிக்கு வந்தவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்.

கடைசியில் அவரே என்னைக் கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நல்ல டாக்டர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கிராமத்து ஆட்களை ஒருமையில் பேசமாட்டார், தேவையில்லாமல் ஊசி போடமாட்டார், நாம் சொல்வதை முழுசாகக் கேட்பார். அவருடைய அறையில் நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தால் நம்முடைய இடது கைதான் மேஜைமேல் வரும். அந்தக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மறுபடி காற்றடித்தார்.

"சத்தமே சரியாக் கேக்கலம்மா, அவ்வளவு லோ. எண்பதுதான் வருது. அதான் அசதி, மயக்கம் எல்லாம். உப்பு நல்லாச் சேத்துக்கோ. மோர், எலுமிச்சம்பழச் சாறு, எதுல குடிச்சாலும் ஒரு சிட்டிகை கூடவே போட்டுக்கோ."

என் கை வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். நான் சோம்பேறி இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரர் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

மாமியாரும் மாறினாள். மனசார அவள் எனக்கு உபகாரம் செய்ய ஆரம்பித்தது அப்போதுதான். எனக்கென்று தனியாகக் கம்மங்கஞ்சி கரைத்து, கல்லுப்பை உள்ளங்கையில் அள்ளிப் போடுவாள். நார்த்தங்காய் ஊறுகாய் பரணிலிருந்து இறங்கி என் தட்டுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார்ந்தது. கருவாடு வாங்கினால் பெரிய துண்டு எனக்கு. "தின்னுட்டி, பிரஷர் ஏறணும்லா" என்பாள். நானும் தின்றேன். அந்த வீட்டில் என்னை யாராவது கவனித்தார்கள் என்றால் அது உப்பின் மூலமாகத்தான். பத்து வருஷம் ஒரு குடும்பமே சேர்ந்து அக்கறையாக என்னைக் கொன்றுகொண்டிருந்தது.

அந்த டாக்டரிடமும் வருஷத்துக்கு ரெண்டு தடவை போய், அதே ஸ்டூலில் உட்கார்ந்து அதே கையைக் காட்டிவிட்டு வந்தேன். இடையில் இரண்டாவதாக உண்டானேன். மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். எடை, ரத்தம், பிரஷர். நான் போனதும் இடது கையை நீட்டிவிடுவேன். அந்தக் கையில்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குள் பதிந்துபோயிருந்தது. எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்தி நாலு. அட்டையைப் பார்த்தால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. ஏழாவது மாதம் பிள்ளை அசைவது நின்றுபோனது. ஆண் குழந்தை என்றார்கள். வளர்ச்சியே இல்லை, நாலு மாதப் பிள்ளை அளவுக்குத்தான் இருந்தது என்றார்கள். நான் பார்க்கவில்லை. என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று ஊர் முடிவு செய்தது. மாமியார் இன்னும் ஒரு கை உப்பைக் கூட்டினாள்.

அந்தத் துக்கம் ஆறாமல் வீட்டில் கிடந்தபோதுதான் இந்த வேலை வந்தது. வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, எழுதிக்கொண்டு வருகிற வேலை. பத்தாவது பாஸ் செய்திருந்தேன், எழுதத் தெரியும், எடுத்துக்கொண்டார்கள். கையில் கட்டினால் தானாகக் காற்றடித்து நம்பர் காட்டுகிற மெஷின் ஒன்று கொடுத்தார்கள். பயிற்சியில் ஒருவருக்கொருவர் கட்டிப் பார்த்துக்கொண்டோம். நான் வழக்கம்போல நீட்டுகிற இடது கையில் கட்டினால் காற்றடித்துக்கொண்டே போகும், பிறகு 'எரர்' என்று காட்டும். மெஷின் கோளாறு என்று வேறு கொடுத்தார்கள். அதுவும் எரர். எங்கள் மேற்பார்வை நர்ஸம்மா சலித்துக்கொண்டாள்.

"உன் கைக்கு வந்தாத்தான் எல்லா மெஷினும் ரிப்பேராவுது. என்னத்தப் போட்டு அமுக்குத?"

நான் திருப்பிக் கொடுத்த மெஷின்கள் மூன்று. மூன்றும் மற்றவர்களுடைய கையில் ஒழுங்காக வேலை செய்தன. வலது கைக்காரி தனக்குத்தானே கட்டிக்கொண்டால் இடது கையில்தான் கட்டுவாள். வலது கையில் கட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு நான் பிரஷர் பார்த்தேன். "அண்ணாச்சி, ஊறுகாயக் கொறைங்க, கருவாட்டத் தொடாதிய" என்று புத்தி சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உப்புக் கஞ்சியைக் குடித்தேன்.

கண்ணில்தான் முதலில் பிடிபட்டது. ஒரு மத்தியானம், சித்திரை வெயிலில் மேலத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். இடது கண்ணில் மேலேயிருந்து திரை இறங்குகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. வலி இல்லை. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. வெயில்தான், லோ பிரஷர் வேறு என்று அந்த வீட்டம்மாள் உப்புப் போட்ட மோர் கொடுத்தாள். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு தடவை வந்தது. மூன்றாம் தடவை திரை முழுசாக விலகவில்லை, ஓரத்தில் நின்றுகொண்டது. பயந்துபோய்த் திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

என்னைப் பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பிரஷருக்கு என்ன மாத்திரை எடுக்கிறீங்க?"

"மாத்திரை இல்ல மேடம். எனக்கு லோ பிரஷர். பத்து வருஷமா."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொன்னாவ."

நர்ஸைக் கூப்பிட்டு, கையால் காற்றடிக்கிற பழைய மெஷினில் பார்க்கச் சொன்னாள். நான் வழக்கம்போல இடது கையை நீட்டினேன். எண்பத்தி ரெண்டு என்றாள் நர்ஸ். பாத்தீங்களா என்கிற மாதிரி நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

"இல்லம்மா, உங்க கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் எல்லாம் பல வருஷம் அடி வாங்கின மாதிரி இருக்கு. லோ பிரஷர்ல இப்படி ஆகாது. அந்தக் கையக் குடுங்க."

வலது கையில் அவளே கட்டினாள். இருநூற்றிப் பத்துக்கு மேல் போனது. மறுபடி பார்த்தாள், அதேதான். பிறகு மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு என் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்தாள். அத்தனை வருஷத்தில் ஒருவரும் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்ததில்லை. விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினாள்.

"இந்தக் கையில நாடியே இல்லையேம்மா. ஒருத்தருமா பாக்கல?"

சொட்டு மருந்தில் எனக்கு அவள் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "நாடி இல்லன்னா எப்படி மேடம், ஆளு உயிரோட இருக்காள்லா?" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அங்கிருந்து மதுரை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மறுபடி ஸ்கேன். நோய்க்கு ஒரு ஜப்பான்காரப் பெயர் சொன்னார்கள், எனக்கு வாயில் நுழையவில்லை. நாடியில்லா நோய் என்றும் சொல்வார்களாம், அது புரிந்தது. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் காரணமில்லாமல் வீங்கித் தடித்து உள்ளே அடைத்துக்கொள்கிறது. சின்ன வயசுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். அந்தப் பழைய காய்ச்சல்தான் ஆரம்பமாம். என் இடது கைக்குப் போகிற குழாய் அடைத்துவிட்டது, அதனால் அங்கே பிரஷர் குறைவாகக் காட்டியது. ஒரு சிறுநீரகத்துக்குப் போகிற குழாயும் சுருங்கியிருந்தது, அதனால் மற்ற உடம்பு முழுதும் பிரஷர் கொதித்துக்கொண்டிருந்தது. கழுத்துக் குழாயும் பாதி சுருங்கியிருந்தது, கண் இருட்டியது அதனால். பக்கவாதம் வரலாம், குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பி வெடிக்கலாம், இதயம் களைத்துப்போகலாம். "வராமலும் இருக்கலாம்" என்று டாக்டர் கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

என் பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டே அவர் ஒரு விஷயம் சொன்னார். "ஏழு மாசத்துல பிள்ளை போனதுக்கும் இதுதான் காரணமா இருந்திருக்கும். அப்பவே தெரிஞ்சிருந்தா பிரஷரக் கட்டுக்குள்ள வச்சுப் பாத்திருக்கலாம்." சொல்லிவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு தகவல்.

சிறுநீரகக் குழாயை உள்ளே பலூன் விட்டு விரித்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் வட்டமாக ஊதிவிட்டது, கழுத்துக்குப் பின்னால் சதை போட்டது. ஊருக்கு வந்தால், "மதுரைத் தண்ணி ஒத்துக்கிட்டு போலுக்கே, நல்லா சதை வச்சிட்டா" என்றார்கள். நான் நிஜமாகவே ஆரோக்கியமாக இருந்த காலத்தில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. இடது கண்ணின் ஓரத்துத் திரை அப்படியே நின்றுவிட்டது. காலையில் எட்டு மாத்திரை, ராத்திரி ஐந்து. இனிப் பிள்ளை வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

மாமியாரிடம் வீட்டுக்காரர்தான் எடுத்துச் சொன்னார். உப்பு விஷயத்தையும் சொன்னார். கேட்டுவிட்டு உப்பு ஜாடியை எடுத்துப் பரணில் ஏற்றினாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"நானா வேணும்னு போட்டேன்? டாக்டர் சொன்னதத்தானட்டி போட்டேன்."

"ஆமா அத்தை" என்றேன். அவள் சொன்னது உண்மை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு ஆளைப் பிடித்து வைத்துத் திட்டித் தீர்த்திருக்கலாம். எனக்கு அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

வீட்டுக்காரர் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். காலையில் வயலுக்குக் கிளம்பும் முன்னால், நான் அடுப்படியில் நிற்கும்போது, என் இடது மணிக்கட்டைப் பிடித்து விரல் வைத்துப் பார்ப்பார். முதலில் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.

"அங்க இல்லன்னு சொல்லியாச்சுல்லா. பிறகும் எதுக்குத் தேடுதிய? பருத்திக் காட்டுல நான் கைய உதறுனப்ப வந்து பிடிச்சுப் பாத்திருக்கணும்."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் என் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கலாம் என்று நானும் சொல்லவில்லை.

கோவில்பட்டி டாக்டரை ஒருதடவை போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். மதுரைக் காகிதங்களை எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு, டோக்கன் வாங்கி, மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். முகம் சுருங்கியது.

"இது ரொம்ப அபூர்வமான கேஸும்மா. புஸ்தகத்துல படிச்சதுதான். இத்தனை வருஷத்துல நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

"பாத்தீங்க சார்" என்றேன். "பத்து வருஷம் பாத்தீங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதாவது கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வெளியே நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸ்டாண்டில் நிற்கும்போதுதான், சொல்ல நினைத்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. வந்து என்ன பிரயோஜனம்?

வேலையை நான் விடவில்லை. நடக்க முடிகிற அளவுக்கு நடக்கிறேன். இப்போது யாருக்குப் பிரஷர் பார்த்தாலும் இரண்டு கையிலும் பார்க்கிறேன். நர்ஸம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ கட்டிக்கிட்டு நின்னா தெருவ எப்ப முடிக்க? ஃபாரத்துல ஒரு கட்டம்தான இருக்கு?" என்கிறாள். நான் கட்டத்தில் ஒரு நம்பரை எழுதுகிறேன், ஓரத்தில் பென்சிலால் இன்னொன்றை எழுதுகிறேன். இதுவரை ஒருவருக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

போன மாதம் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மாமியாருக்குப் பார்த்து முடித்ததும், இவள் வந்து கையை நீட்டினாள்.

"யக்கா, எனக்கும் பாருங்களேன். துணி காயப்போட்டா இந்தக் கை ஒரே அசதியா இருக்கு."

இடது கை. காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா என்று கேட்டேன். மணிக்கட்டைப் பிடித்தேன். துடித்தது. மெஷினைக் கட்டினேன், நூற்றிப் பத்து. வலது கையில் நூற்றி எட்டு. அவளுக்கு ஒன்றுமில்லை. முந்தின வாரம் முழுக்க உளுந்து பிடுங்கப் போயிருக்கிறாள், அந்த அசதி.

அப்போது எனக்கு வந்தது நிம்மதி இல்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என்னைப் போல இன்னொருத்தி இந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று அந்த இரண்டு நிமிஷம் நான் நம்பினேன். அவளைக் கையோடு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்தேன். நன்மைதான் நினைத்தேன், ஆனாலும் அவளுக்கு அது இருக்கவேண்டும் என்றும் நினைத்தேன்.

"உனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி" என்று சொல்லிப் பட்டையைக் கழற்றினேன்.

"பின்ன ஏங்க்கா உங்க மூஞ்சி இப்படிப் போவுது?" என்று கேட்டாள் அவள். வெயில் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.